விளம்பரத் தாளிலிருந்து அகராதிப் பக்கத்திற்கு: கிளாரண்டன் தடித்த எழுத்தின் வரலாறும் மொழிப் பயன்பாடும்

1. முன்னுரை

அகராதியைத் திறப்பவரின் கண் முதலில் தேடுவது தலைச்சொல்லை. ஒலிப்பு, இலக்கணக் குறிப்பு, சொற்பிறப்பு, பொருள், மேற்கோள் எனப் பலவும் நெருங்கிக் கிடக்கும் பக்கத்தில் தலைச்சொல் மட்டும் கருமை மிகுந்து தனித்துத் தெரிகிறது. இவ்வமைப்பு இன்று மிக இயல்பானதாகத் தோன்றுகிறது. எனினும் அச்சுக்கலையின் நீண்ட வரலாற்றோடு ஒப்பிட்டால் இது மிக அண்மைக் காலத்து வழக்கமேயாகும். 1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இன்றைய பொருளில் தடித்த எழுத்து என்பதே இல்லை. 1884-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவரத் தொடங்கிய புதிய ஆங்கில அகராதியிலோ தடித்த எழுத்தின்றி ஒரு பதிவும் இல்லை. இவ்விரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் தடிப்பு என்னும் புதிய வேறுபாடு ஐரோப்பிய எழுத்துமுறையில் இடம் பெற்றது.

அவ்வேறுபாடு அறிஞர்களின் தேவையிலிருந்து தோன்றவில்லை. லண்டன் தெருச் சுவர்களில் ஒட்டப்பட்ட விளம்பரத் தாள்களின் தேவையிலிருந்து தோன்றியது. கூவி விற்பதற்காகப் பிறந்த எழுத்து, ஒரு தலைமுறைக்குப் பின்னர் வடிவம் திருந்தி, சொற்பொருள் ஆய்வின் கருவியாயிற்று. இம்மாற்றத்திற்கு வழிவகுத்த கிளாரண்டன் என்னும் அச்செழுத்து வகையின் வடிவமைப்பையும் பயன்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தடிப்பு என்பது அழகுக்கான அணியா, பொருள் வேறுபடுத்தும் குறியா என்னும் வினாவே இதன் மையமாகும். இவ்வினா அகராதியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும், குறிப்பாகத் தமிழில் பணிபுரிவோருக்கும், நேரடித் தொடர்புடையது.

2. தடிப்புக்கு முன் இருந்த முறைகள்

ரோமன் எழுத்தில் ஒரு சொல்லை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட நான்கு வழிகள் பழைய அச்சகத்தாரிடம் இருந்தன. சொல் முழுவதையும் பேரெழுத்தில் அமைப்பது ஒன்று. சிற்றெழுத்தின் உயரமே உடைய சிறு பேரெழுத்தில் அமைப்பது மற்றொன்று. சாய்வெழுத்தைப் பயன்படுத்துவது மூன்றாவது. ஜெர்மானிய மரபில் வழங்கிய கோணல் மிகுந்த கறுப்பெழுத்தை இடையில் புகுத்துவது நான்காவது. சாய்வெழுத்தும் தொடக்கத்தில் வேறுபடுத்தும் கருவியாக இருக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் அதைக் கொண்டு நூல் முழுவதையுமே அச்சிட்டார். நேரெழுத்துக்கு இடையில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டும் பணி அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

இந்நான்கு வழிகளுக்கும் குறைகள் உண்டு. ஜான்சன் செய்ததுபோல் தலைச்சொல்லை முற்றும் பேரெழுத்தில் அமைத்தால், இயல்பாகவே பேரெழுத்தில் தொடங்கும் சிறப்புப் பெயருக்கும் பொதுச் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடுகிறது. சாய்வெழுத்து பெரும்பாலும் நேரெழுத்தைவிட மெலிந்தது. ஆகவே, அது படித்துக்கொண்டு வருபவருக்கு வேறுபாட்டை உணர்த்துமே தவிர, பக்கத்தைப் புரட்டித் தேடுபவரின் கண்ணைத் தானாக ஈர்க்காது. கறுப்பெழுத்து கண்ணை ஈர்க்கும். ஆனால் அதன் எலும்புக்கூடே வேறு. அதை இடையில் புகுத்துவது ஏறத்தாழ வேறொரு வரிவடிவத்தைப் புகுத்துவதற்கு ஒப்பாகும்.

எழுத்தின் உருவத்தை மாற்றாமல் அதன் எடையை மட்டும் கூட்டிக் காட்டலாம் என்னும் எண்ணம் அதுவரை அச்சு மரபில் நிலைபெறவில்லை. 1993-இல் மைக்கேல் டுவைமன் வெளியிட்ட ஆய்வு, தடிப்பு என்பது 19-ஆம் நூற்றாண்டில் உருவான ஒரு கருத்து என்பதை அச்சு வரலாற்றாசிரியர்களின் கவனத்திற்குக் கொணர்ந்தது.

3. கொழுத்த எழுத்தின் தோற்றம்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் டிடோ குடும்பத்தாரும், பார்மா நகரில் ஜாம்பத்திஸ்தா போதோனியும் அமைத்த எழுத்துகளில் தடித்த கோட்டிற்கும் மெல்லிய கோட்டிற்கும் இடையிலான வேறுபாடு மிகுந்து காணப்பட்டது. எழுத்தின் முனைகளில் குறுக்காக அமையும் சிறு கோட்டைச் செரிஃப் என்பர். டிடோ, போதோனி எழுத்துகளில் செரிஃப் மயிரிழை போன்று மெலிந்து, தண்டோடு நேர்க்கோணத்தில் இணைந்தது. இவ்வெழுத்துகள் நூல் அச்சுக்கென அமைந்தவை, அமைதியானவை.

இவ்வேறுபாட்டை எல்லை வரை கொண்டு சென்றவர்கள் லண்டன் வார்ப்பகத்தார். அவர்களுள் முதன்மையானவராகக் கூறப்படுபவர் ராபர்ட் தார்ன். இவர் 1794-இல் தாமஸ் காட்ரெல் என்பவரின் வார்ப்பகத்தைப் பெற்று, பின்னர் அதை ஃபான் தெருவில் நடத்தினார். 19-ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் இவரும் இவர் காலத்தவரும் செங்குத்துத் தண்டுகளை மட்டும் பருக்கச் செய்து, மெல்லிய கோடுகளை மெல்லியனவாகவே விட்டுவிட்டனர். இவ்வாறு பிறந்ததே ‘கொழுத்த முகம்’ என்று பொருள்படும் பெயர் பெற்ற அச்செழுத்து வகை.

இதற்கான தேவை வணிகத்திலிருந்து வந்தது. 1826 வரை இங்கிலாந்தில் அரசு லாட்டரி நடைபெற்றது. சீட்டு விற்போர், நாடகக் கொட்டகையினர், பயணவண்டி நடத்துவோர், மருந்து விற்போர் ஆகியோரின் தாள்கள் ஒரே சுவரில் அருகருகே ஒட்டப்பட்டன. ஒவ்வொரு தாளும் அடுத்த தாளைவிட உரக்கப் பேச வேண்டியிருந்தது. நூலுக்கென அமைந்த எழுத்தைப் பெரிதாக்கி அச்சிட்டால் அது உயரமாகத் தெரியுமேயன்றிக் கருமையாகத் தெரியாது. சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவருக்குக் கருமையே முதலில் புலப்படும். ஏறத்தாழ 1815-ஐ ஒட்டி வின்சென்ட் ஃபிகின்ஸ் செரிஃப்பையும் தண்டின் அளவிற்குத் தடிக்கச் செய்து, பலகை போன்ற முனைகளையுடைய எழுத்தை வெளியிட்டார். போட்டி மேலும் வளர்ந்தது.

நூல் அச்சின் மரபைப் போற்றியவர்கள் இதனை விரும்பவில்லை. தாமஸ் கர்சன் ஹன்சார்ட் 1825-இல் வெளியிட்ட அச்சுக்கலை நூலில் இக்கொழுத்த எழுத்துகளைக் கடுமையாகச் சாடினார். கண்டனத்தில் நியாயமும் இருந்தது. விரற்கடை உயரத்தில் கம்பீரமாகத் தோன்றும் கொழுத்த எழுத்து, நூலின் உரையளவிற்குச் சிறுத்தால் படிக்க இயலாததாகிவிடும். தண்டுகள் பருத்து எழுத்தின் உள்வெளியை விழுங்கிவிடும். மெல்லிய கோடுகளோ அச்சில் பதியாமல் உடைந்துபோகும். ஆகவே இவ்வெழுத்து சுவரிலேயே நின்றது. நூலின் வரிக்குள் அதனால் நுழைய முடியவில்லை.

4. கிளாரண்டனின் வடிவமைப்பு

தார்ன் 1820-இல் காலமானார். அவருடைய வார்ப்பகத்தை வில்லியம் தாரோகுட் வாங்கினார். லாட்டரியில் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டே அவர் அதை வாங்கியதாகக் கூறுவர். லாட்டரித் தாள்களால் வளர்ந்த எழுத்தின் பிறப்பிடம், லாட்டரிப் பணத்தாலேயே கைமாறியது எனச் சொல்லப்படுவது சுவையான பொருத்தமாகும். 1826-இல் அவ்வார்ப்பகத்தில் சேர்ந்த ராபர்ட் பெஸ்லி பின்னர் அதன் பங்குதாரரானார். அவருடைய முயற்சியில், பெஞ்சமின் ஃபாக்ஸ் என்னும் அச்சு வெட்டும் வல்லுநரின் கைவண்ணத்தில், 1845-இல் கிளாரண்டன் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகத்தை நினைந்தே இப்பெயர் இடப்பட்டது எனக் கருதுவர்.

கிளாரண்டனின் சிறப்பு, அது தடித்திருந்தது என்பதன்று. எவ்வாறு தடித்தது என்பதே. கொழுத்த எழுத்தில் தண்டு மட்டுமே பருத்தது. கிளாரண்டனில் தண்டு பருத்தபோது மெல்லிய கோடும் அதற்கேற்பத் தடித்தது. ஆகவே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து, சிறிய அளவிலும் எழுத்தின் எப்பகுதியும் உடையாமல் நின்றது. செரிஃப் பலகைபோல் வலுவாக இருந்தது. ஆனால் தண்டோடு திடீரென மோதாமல் ஒரு சிறு வளைவின் வழியே இணைந்தது. எழுத்துகள் சற்றே ஒடுக்கமாக அமைந்தமையால் வரியில் அதிக இடத்தை அடைக்கவில்லை. சில எழுத்துகளின் கொக்கி முனைகள் உருண்டை வடிவில் முடிந்து, வலுவுக்கிடையே ஓர் இணக்கத்தையும் தந்தன.

இவற்றினும் முக்கியமானது அதன் பயன்பாட்டு நோக்கம். கிளாரண்டன் வழக்கமான உரையெழுத்துடன் ஒரே வரியில், ஒரே அடித்தளக் கோட்டில் நிற்பதற்கு ஏற்றவாறு அமைந்தது. உரையெழுத்துக்குத் துணையாக நிற்கும் தடித்த எழுத்து என்னும் கருத்தின் மிகப் பழைய வெற்றியாக அச்சு வரலாற்றாசிரியர்கள் இதனைக் கருதுகின்றனர். அச்சுக் கோப்பவர் ஒரு வரியின் நடுவில் ஒரே ஒரு சொல்லை இவ்வெழுத்தில் கோத்துவிட்டு மீண்டும் உரையெழுத்துக்குத் திரும்பலாம், வரி குலையாது. சுவருக்கும் நூலுக்கும் இடையே இருந்த தடை இவ்வாறு நீங்கியது.

5. உரிமையும் பரவலும்

1842-இல் இயற்றப்பட்ட வடிவுரிமைச் சட்டத்தின்படி பெஸ்லி இவ்வெழுத்தைப் பதிவு செய்தார். சட்டம் அளித்த பாதுகாப்பு மூன்றே ஆண்டுகள். அக்காலம் முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் அதே அமைப்பில் எழுத்துகளை வெளியிட்டன. பெஸ்லிக்கு நேர்ந்த இவ்வணிக இழப்பு எழுத்து வரலாற்றில் ஆக்கமாக முடிந்தது. பல அச்சகங்களில் பல வார்ப்பகங்களின் கிளாரண்டன்கள் புழங்கியதால் அப்பெயர் ஒரு குறிப்பிட்ட எழுத்து வகையின் பெயராக நில்லாமல், பிரிட்டிஷ் அச்சகத்தாரின் வழக்கில் தடித்த எழுத்து எதற்கும் உரிய பொதுப் பெயராயிற்று. சிறப்புப் பெயர் பொதுப் பெயராகும் சொற்பொருள் விரிவுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பெஸ்லி 1861-இல் வார்ப்பகத் தொழிலிலிருந்து விலகி, 1869-இல் லண்டன் மாநகரத் தலைவரானார்.

இதன் பின்னர் கிளாரண்டன் இரு வழிகளில் பரவியது. ஒரு வழி மீண்டும் சுவரை நோக்கிச் சென்றது. அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் 1820-களின் இறுதியில் மர எழுத்துகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியிருந்தார். மரத்தில் வெட்டப்பட்ட கிளாரண்டன்கள் அகன்றும் ஒடுங்கியும் பல உருவங்கள் கொண்டன. பிரெஞ்சுக் கிளாரண்டன் எனப்பட்ட வகையில் தண்டு மெலிந்து, செரிஃப் மட்டும் மிகப் பருத்தது. அமெரிக்க மேற்குப் பகுதியின் சுவரொட்டி என்றதும் மனத்தில் தோன்றும் எழுத்து இதுவே. 20-ஆம் நூற்றாண்டிலும் இவ்வழி தொடர்ந்தது. சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக 1953-இல் ஹெர்மன் ஐடன்பென்ஸ் கிளாரண்டனைப் புதுப்பித்தார். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஃப்ரீமன் க்ரா வரைந்த க்ரா கிளாரண்டன் வெளிவந்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிப் பலகைகளில் கிளாரண்டன் நெடுங்காலம் இடம் பெற்றிருந்தது.

மற்றொரு வழி, மொழியியலாருக்கு மிகுந்த பயன் தந்த வழி. அது பார்வை நூல்களை நோக்கிச் சென்றது.

6. அகராதிப் பக்கத்தில் தடிப்பு

1879-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, வரலாற்று முறையிலான புதிய ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியப் பொறுப்பை ஜேம்ஸ் மர்ரே ஏற்றார். அவர் எதிர்கொண்ட சிக்கல்களுள் ஒன்று பக்க அமைப்பு. ஒரு தலைச்சொல்லின் கீழ் பழைய எழுத்துக்கூட்டல்கள், சொற்பிறப்பு, பல கிளைகளாகப் பிரியும் பொருள்கள், ஒவ்வொரு பொருளுக்கும் காலவரிசையில் அமைந்த மேற்கோள்கள் ஆகிய அனைத்தும் இடம் பெற வேண்டும். இவ்வளவையும் ஒரே நிறமான பக்கத்தில் திணித்தால் படிப்பவர் வழி தவறிவிடுவார்.

மர்ரேயின் தீர்வு, ஒவ்வொரு வகைச் செய்திக்கும் ஒவ்வோர் எழுத்து முறையை ஒதுக்குவது. தலைச்சொல் கிளாரண்டனில் அமைந்தது. முதன்மைச் சொற்களுக்குப் பெரிய தடித்த எழுத்தும், துணைச் சொற்களுக்குச் சிறிய தடித்த எழுத்தும் பயன்பட்டன. பொருளின் வரிசை எண்களும், மேற்கோள்களின் ஆண்டுகளும் தடித்த எழுத்தில் அமைந்தன. மேற்கோள் ஆசிரியரின் பெயர் சிறு பேரெழுத்திலும், நூற்பெயர் சாய்வெழுத்திலும் இடம் பெற்றன. வழக்கிழந்த சொல்லுக்குக் கத்திக் குறியும், ஆங்கிலத்தில் முழுதும் கலவாத அயற்சொல்லுக்கு இரட்டைச் செங்கோடும் முன்னே நின்றன.

இவ்வமைப்பை ஊன்றி நோக்கினால், எழுத்து வகைகள் இங்கே ஓர் இலக்கணத்திற்கு உட்பட்டு இயங்குவது புலனாகும். பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தலைச்சொற்களின் அகரவரிசை மட்டும் தெரிகிறது. ஒரு பதிவுக்குள் நுழைபவருக்குத் தடித்த ஆண்டுகளின் வரிசை தெரிகிறது. அதனைக் கண்ணால் தொடர்ந்தாலே ஒரு சொல் எப்போது தோன்றியது, எப்போது வழக்கிழந்தது என்பதை மேற்கோள்களைப் படிக்காமலேயே ஓரளவு அறியலாம். வரலாற்று முறை என்று நூலின் பெயரிலேயே கூறப்பட்ட கொள்கைக்குக் கண்ணுக்குத் தெரியும் வடிவம் தந்தது தடித்த எழுத்தே எனலாம். முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது; 1928-இல் பணி நிறைவுற்றபோது அகராதி 15,000 பக்கங்களைக் கடந்திருந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள், பதிப்பாசிரியர்கள் மாறியும், இவ்வெழுத்திலக்கணம் நிலைத்து நின்றது.

மொழியியல் நோக்கில் இதனை இவ்வாறு விளக்கலாம். பேச்சில் தனி ஒலிகளின் மேல் படர்ந்து வரும் அழுத்தமும் இசைப்போக்கும், ஒலிகளின் வரிசையை மாற்றாமலே பொருளை மாற்றுகின்றன. எழுத்தில் தடிப்பும் அத்தகையது. எழுத்துகளின் வரிசையை அது மாற்றுவதில்லை. சொல்லின் மேல் படர்ந்து, அச்சொல் அவ்விடத்தில் ஆற்றும் பணியைச் சுட்டுகிறது. விளம்பரத் தாளில் தடிப்பு வெறும் உரத்த குரல். அகராதியில் அது முறைப்படுத்தப்பட்ட அழுத்தம். முன்னதில் அளவு கூடக்கூட விளைவும் கூடும். பின்னதில் தடித்தது, தடிக்காதது என்னும் இருநிலை எதிர்வே பயன்படுகிறது. அளவு வேறுபாடு வகை வேறுபாடாக மாறியதே கிளாரண்டன் வரலாற்றின் சாரமாகும்.

7. கணினியில் எழுந்த சோதனை

தடிப்பு பொருளுடையதா என்னும் வினாவுக்கு நடைமுறைச் சோதனை ஒன்று 1980-களில் எழுந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பிற்காக அச்சிட்ட பக்கங்கள் அனைத்தையும் கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. அமெரிக்க நிறுவனமொன்றில் 120 தட்டச்சர்கள் 35 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளை உள்ளிட்டனர். இங்கிலாந்தில் 55 மெய்ப்புத் திருத்துநர்கள் அவற்றைச் சரிபார்த்தனர். எழுத்துகளை மட்டும் உள்ளிட்டால் போதாது என்பது தொடக்கத்திலேயே உணரப்பட்டது. தடிப்பு, சாய்வு, சிறு பேரெழுத்து ஆகியவை நீங்கிவிட்டால், எது தலைச்சொல், எது பொருள், எது மேற்கோள், எது ஆண்டு என்பதைக் கணினியால் பிரித்தறிய இயலாது. எனவே அச்சு வேறுபாடுகள் உணர்த்திய செய்தி அனைத்தும் குறியீடுகளாகப் பனுவலோடு சேர்க்கப்பட்டது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் இப்பனுவலைத் தேடுவதற்கும் காட்டுவதற்கும் உரிய மென்பொருள் உருவாக்கத்தில் பங்கேற்றது.

1989-இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. மர்ரேயின் பதிப்பில் எல்லாத் தலைச்சொற்களும் பேரெழுத்தில் தொடங்கின. புதிய பதிப்பில் அவ்வழக்கம் கைவிடப்பட்டு, இயல்பாகப் பேரெழுத்து வேண்டும் சொற்களுக்கு மட்டுமே அது தரப்பட்டது. தலைச்சொல்லை அடையாளம் காட்டும் பணியைத் தடிப்பு முழுவதுமாக ஏற்றுக்கொண்டதால், பேரெழுத்து தன் சொந்தப் பணிக்குத் திரும்பியது. ஜான்சன் காலத்துச் சிக்கல் இவ்வாறு தீர்ந்தது.

யூனிகோடு எழுத்துக் குறியாக்கத்திலும் இதே வினா எழுந்தது. எழுத்தின் தடிப்பும் சாய்வும் எழுத்தல்ல, தோற்றமே என்பது அதன் பொதுக் கொள்கை. எனினும் 2001-இல் வெளிவந்த 3.1 பதிப்பில், கணிதத்திற்குரிய தடித்த ரோமன் எழுத்துகள் தனிக் குறியெண்களோடு சேர்க்கப்பட்டன. கணிதத்தில் தடித்த எழுத்தும் மெலிந்த எழுத்தும் வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதே அதற்குக் காரணம். பொருள் வேறுபடும் இடத்தில் தோற்றமும் எழுத்தாகிறது என்பதை இவ்விதிவிலக்கு உறுதி செய்கிறது.

8. தமிழ் எழுத்தும் தடிப்பும்

தமிழ் எழுத்தில் செரிஃப் இல்லை. பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடும் இல்லை. சாய்வெழுத்து தமிழின் சொந்த மரபில் தோன்றியதன்று; ரோமன் அச்சின் செல்வாக்கால் நேரெழுத்தைச் சாய்த்துப் பெறப்பட்டது. ஆகவே ரோமன் அச்சகத்தாரிடம் இருந்த கருவிகளுள் தமிழுக்கு உண்மையில் கைகொடுப்பவை அளவும் தடிப்புமே. மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அச்சிடும் வழக்கம் தமிழ்ப் பதிப்புகளில் வேரூன்றியது. மக்களிடையே பெரிதும் பரவிய கதை நூல்கள் ‘பெரிய எழுத்து’ என்னும் அடைமொழியைத் தம் பெயரிலேயே தாங்கி விற்பனையாயின. அச்சின் தோற்றமே நூற்பெயரின் பகுதியாகும் அளவிற்கு எழுத்தின் அளவு இங்கே பொருளுடையதாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் தமிழ்த் தலைச்சொல், ரோமன் ஒலிபெயர்ப்பு, இலக்கணக் குறிப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், இலக்கிய மேற்கோள் ஆகியவை அடுத்தடுத்து அமைகின்றன. இரு வரிவடிவங்கள் மாறி மாறி வருவதே செய்திகளைப் பிரித்துக் காட்டப் பெரிதும் உதவுகிறது. தமிழ்–தமிழ் அகராதிக்கு இவ்வுதவி இல்லை. அங்கே தலைச்சொல், பொருள், எடுத்துக்காட்டு அனைத்தும் ஒரே வரிவடிவத்தில் அமைவதால், தடிப்பின் பொறுப்பு பன்மடங்காகிறது.

இப்பொறுப்பைத் தாங்கத் தமிழ்த் தடித்த எழுத்து உரிய முறையில் வரையப்பட வேண்டும். ணகரத்திற்கு மூன்று சுழி, னகரத்திற்கு இரண்டு சுழி எனச் சுழிகளின் எண்ணிக்கையைக் கொண்டே குழந்தைகள் இவ்வெழுத்துகளைக் கற்கின்றனர். எழுத்துருவில் தனித் தடித்த வடிவம் இல்லாதபோது, சில மென்பொருள்கள் கோட்டின் இருபுறமும் கருமையைக் கூட்டிப் போலித் தடிப்பை உண்டாக்குகின்றன. சிறிய அளவில் அச்சிடும்போது சுழிகளின் உள்வெளி அடைபட்டு, ணகரமும் னகரமும் மயங்குகின்றன. ‘மணம்’ என்பதும் ‘மனம்’ என்பதும் வேறுபடுத்தப்பட வேண்டிய தலைச்சொற்கள். வேறுபடுத்துவதற்கென வந்த தடிப்பே இங்கே வேறுபாட்டை அழித்துவிடுகிறது. கொழுத்த எழுத்து லண்டனில் நூலுக்குள் நுழைய முடியாமல் நின்றதற்கும் இதுவே காரணம். எழுத்தை ஊதிப் பெருக்குவது தடித்த எழுத்தாகாது. உள்வெளியைக் காத்து, ஒவ்வொரு கோட்டையும் மீண்டும் அளந்து வரைவதே தடித்த எழுத்தாகும் என்பது கிளாரண்டன் கற்பிக்கும் பாடம்.

9. மொழிபெயர்ப்பில் தடிப்பு

ஆங்கில மொழியியல் நூல்களில் எடுத்துக்காட்டாகத் தரப்படும் சொல் சாய்வெழுத்திலும், முதன்முறையாக அறிமுகமாகும் கலைச்சொல் பெரும்பாலும் தடித்த எழுத்திலும், சொல்லுக்குச் சொல் தரும் இலக்கண விளக்கங்களில் வேற்றுமை, காலம் போன்ற இலக்கணக் கூறுகள் சிறு பேரெழுத்திலும் அமைகின்றன. இந்நூலைத் தமிழாக்குபவர் மூன்றையும் தடித்த எழுத்தாக மாற்றினால் மூன்று வேறுபாடுகள் ஒன்றாகிவிடும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டால், மொழியைப் பற்றிப் பேசும் சொல்லும் பேசப்படும் மொழியின் சொல்லும் கலந்துவிடும். சொற்கள் அனைத்தும் சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தும் வாதம் மொழிபெயர்க்கப்படாமல் போகும்.

இதற்குரிய தீர்வு பணிகளைப் பங்கிடுவதேயாகும். எடுத்துக்காட்டுச் சொல்லுக்கு ஒற்றை மேற்கோள் குறி, இலக்கணக் கூறுகளுக்கு வரையறுத்த சுருக்கக் குறியீடு, கலைச்சொல் அறிமுகத்திற்கு மட்டும் தடித்த எழுத்து என ஒவ்வொன்றுக்கும் ஒரு பணியை ஒதுக்கி, நூல் முழுவதும் அதனை மாறாமல் காத்தால், மூலத்தின் வேறுபாடுகள் தமிழிலும் நிலைக்கும். வடிவங்கள் மாறலாம்; எதிர்வுகளின் எண்ணிக்கை குறையலாகாது. புதினத்தில் தடிப்பும் சாய்வும் குரலின் அழுத்தத்தைக் காட்டும் இடங்களில் வேறு வழியும் உண்டு. தமிழில் அவ்வழுத்தத்தை ஏகாரம், தான், உம் போன்ற இடைச்சொற்களே தாங்க வல்லன. ஆங்கிலம் எழுத்தின் தோற்றத்தால் காட்டுவதைத் தமிழ் இலக்கணத்தால் காட்ட முடியும்போது, தடித்த எழுத்தை அங்கே புகுத்துவது தேவையற்றது.

10. முடிவுரை

தோற்றம்தானே என்று கருதி ஒரு குறியை விட்டுவிடுவதன் விளைவைத் தமிழ்ப் பதிப்புலகம் நன்கு அறியும். மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் இடவில்லை. எழுதியவருக்கும் அவர் காலத்தில் படித்தவருக்கும் அதனால் இடர் ஏற்பட்டிருக்காது. மொழியறிவே புள்ளியை நிறைவு செய்தது. பல தலைமுறைகளுக்குப் பின் சுவடியைக் கையிலெடுத்த பதிப்பாசிரியர்கள், அது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று ஒவ்வோர் இடத்திலும் ஆராய வேண்டியதாயிற்று.

அச்சு நூல்கள் கணினிப் பனுவல்களாக மாறிவரும் இக்காலத்தில் தடிப்பும் அத்தகைய நிலையில் உள்ளது. பழைய அகராதிகளும் கலைச்சொல் தொகுதிகளும் ஒளியுணரி வழியாகவும் தட்டச்சு வழியாகவும் வெற்றுப் பனுவலாக்கப்படும்போது, சொற்கள் தங்கி அவற்றின் பணிகள் உதிர்ந்துவிடக்கூடும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைக் கணினியில் ஏற்றியவர்கள் எடையையும் செய்தியாகக் கொண்டமையால் மர்ரே அமைத்த வேறுபாடுகள் காக்கப்பட்டன. தமிழ் அகராதிகளைக் கணினிக்கு மாற்றும் ஒவ்வொரு திட்டமும், எழுத்துகளை உள்ளிடத் தொடங்கும் முன்பே, அச்சுப் பக்கத்தில் தடிப்பும் அளவும் இடைவெளியும் எந்தெந்தப் பணிகளை ஆற்றுகின்றன என்பதைப் பட்டியலிட்டு, அப்பணிகளுக்குப் பெயரிட்டுப் பதிவு செய்தல் வேண்டும். இப்பணி கணினி வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. எது தோற்றம், எது பொருள் என்று முடிவு செய்யும் பொறுப்பு மொழியியலாருக்கே உரியது.